கொடுவாக் குஞ்சு இரை எடுக்காதபோது: அறிகுறி பார்த்துக் காரணம் கண்டறிதல்

கொடுவா வளர்ப்பில் லாபமும் நட்டமும் முடிவாவது, குஞ்சு கண்ணுக்கு ஒரு மெல்லிய கீற்றாகத் தெரியும் முதல் முப்பது நாள்களில். 1970களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் முதன்முதலாகச் செயற்கை முறையில் பொரிக்கப்பட்ட இந்த மீனை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ஆம் ஆண்டு முட்டுக்காட்டில் உள்ள தன் களநிலையத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. பின்னர் சீர்காழிக்கு அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் குஞ்சுகளை உற்பத்தி செய்து பண்ணையாளர்களுக்கு வழங்கத் தொடங்கியது. ஆக, குஞ்சை எப்படி வளர்ப்பது என்பது இன்று மறைபொருள் அல்ல. வழக்கத்துக்கு மாறாக ஏதோ ஒன்று தொட்டியில் தெரியும்போது அதன் காரணத்தை எந்த வரிசையில் தேடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இக்கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். குஞ்சுத் தொட்டியில் இன்று காணும் அறிகுறி பெரும்பாலும் இன்றைய தவற்றால் வந்ததன்று. இரண்டு, மூன்று நாள்களுக்கு முன் நேர்ந்த இரைக் குறையே இப்போது வெளிப்படுகிறது. ஆகவே இறப்பைக் கண்டவுடன் தண்ணீரை மாற்றுவதும், மருந்தைத் தேடுவதும், தீவனத்தின் பெயரை மாற்றுவதும் பயன் தருவது அரிது. பதிவேட்டைத் திறந்து மூன்று நாள் பின்னோக்கிப் படிப்பதும், ஒரு குஞ்சை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் அதன் குடலைப் பார்ப்பதும்தான் முதல் இரண்டு வேலைகள். நாற்பது மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரணப் பள்ளிக்கூட நுண்ணோக்கி, ஒரு கண்ணாடி பீக்கர், ஒரு டார்ச் விளக்கு ஆகிய மூன்றும் இதற்குப் போதும்.

எது இயல்பு என்று தெரிந்தால்தான் எது பிழை என்று தெரியும். நீரின் வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், உப்புத்தன்மை 28 முதல் 32 பிபிடி (ஆயிரம் பங்கு நீரில் உப்பின் பங்கு) என்று இருக்கும்போது முட்டை ஏறத்தாழ 16 முதல் 18 மணி நேரத்தில் பொரிக்கும். அந்நாளைப் பூஜ்யம் எனக் கொண்டால், இரண்டாம் நாளின் இறுதியில் வாய் திறக்கும்; மூன்றாம் நாளில் மஞ்சள்கரு தீர்ந்து, சிறு எண்ணெய்த் துளி மட்டும் மிஞ்சியிருக்கும். அப்போது ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர் இரை தொடங்கி, பதினைந்தாம் நாள் வரை தொடரும். ஒன்பது அல்லது பத்தாம் நாளில் ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறால் வகையின் குஞ்சு இரையாகச் சேரும். பதினைந்து முதல் பதினெட்டாம் நாளுக்குள் பொடித் தீவனம் அறிமுகமாகி, இருபத்தைந்தாம் நாளையொட்டி உயிர் இரை நிற்கும். வெப்பம் இரண்டு டிகிரி குறைந்தால் இந்த அட்டவணை முழுவதும் பின்னுக்குத் தள்ளிப்போகும் என்பதால், நாள்காட்டியைக் காட்டிலும் குஞ்சின் நீளத்தை நம்புவதே நல்லது.

மூன்றாம் நாள்: வயிறு வெறுமையாக இருக்கிறது

பீக்கரில் இருபது குஞ்சுகளை அள்ளி, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும்போது, இரை எடுத்த குஞ்சின் குடலில் ரோட்டிஃபரின் ஓடுகள் சற்றே பழுப்பாக அடுக்கியிருப்பது தெளிவாகத் தெரியும். இரை எடுக்காத குஞ்சின் குடல் கண்ணாடிக் குழல் போல் ஒளியை ஊடுருவ விடும். இருபதில் பதினைந்துக்குக் குறைவானவற்றில்தான் இரை இருக்கிறது என்றால், அன்று மாலைக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஏனெனில் எண்ணெய்த் துளியும் கரைந்த பிறகு பட்டினியில் ஒரு நாள் கடந்த குஞ்சு, பின்னர் எவ்வளவு இரை கொடுத்தாலும் அதைப் பிடிக்கும் வலுவின்றியே இறந்துவிடும்.

காரணங்களில் முதலில் பார்க்க வேண்டியது ரோட்டிஃபரின் அளவு. வாய் திறக்கும் வேளையில் கொடுவாக் குஞ்சின் வாய் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அதில் பாதி அகலமுள்ள இரையைத்தான் அது வசதியாக விழுங்கும். ரோட்டிஃபரில் சிறிய வகை 100 முதல் 210 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) நீளமும், பெரிய வகை 130 முதல் 340 மைக்ரான் நீளமும் கொண்டவை. சிறிய வகை என்று வாங்கி வந்த வளர்ப்பில் பெரிய வகை கலந்து, சில வாரங்களில் அதுவே மிகுந்துவிட்டால், தொட்டி நிறைய இரை மிதந்தும் குஞ்சு பட்டினி கிடக்கும். முதல் இரண்டு நாள்களுக்கு மட்டுமாவது ரோட்டிஃபரைப் பிளாங்டன் வலைத்துணியில் சலித்துச் சிறியவற்றைக் கொடுப்பது இதற்குப் போதுமான தீர்வு.

அளவு சரியாக இருந்தால் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 15 முதல் 20 ரோட்டிஃபர் தேவை என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. ஆனால் பலர் தொட்டியின் ஓரத்தில், ஒரே இடத்தில், ஒரே ஒரு முறை அள்ளி எண்ணிவிட்டு நிம்மதியடைகிறார்கள். ரோட்டிஃபர் ஒளி விழும் பக்கமும் காற்றோட்டம் குறைந்த மூலையிலும் திரளும் இயல்புடையது என்பதால், மேல், நடு, அடி என்று மூன்று இடங்களில் எடுத்து, ஒரு துளி அயோடினால் அசைவை நிறுத்தி எண்ணி, சராசரி காண வேண்டும்.

மூன்றாவது காரணம் வெளிச்சம். கொடுவாக் குஞ்சு கண்ணால் பார்த்துப் பிடிக்கும் வேட்டையாடி. இருட்டுக் கொட்டகையில் வெயில் ஏறிய பிறகே அது இரை எடுக்கத் தொடங்கும். பச்சை நீர் இங்கே இரண்டு வகையில் உதவுகிறது: நானோகுளோரோப்சிஸ் அல்லது குளோரெல்லா நிறைந்த நீரின் பின்னணியில் இரை குஞ்சின் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிகிறது, அதே பாசி ரோட்டிஃபருக்கும் உணவாகி, அது பசித்து மெலியாமல் காக்கிறது. தொட்டியின் நீர் வெளிறித் தெளிந்திருந்தால், முதலில் பாசியைச் சேர்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் பார்ப்பதே என் வழக்கம்.

கடைசியாக, காற்று. காற்றுக்குழாயின் நுனியில் உள்ள ஏர் ஸ்டோனிலிருந்து கொதிப்பது போல் குமிழி வந்தால், இரண்டரை மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சுக்கு அது சுழல்காற்று. இரையை நோக்கி உடலை வளைத்து நிலைகொள்ளும் முன்பே நீரோட்டம் அதைத் தூக்கிச் சென்றுவிடும். குமிழிகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ண முடிகிற வேகத்தில் வைத்தால் போதும்.

ஐந்து முதல் எட்டாம் நாள்: வயிறு நிறைந்திருந்தும் இறக்கின்றன

இதுதான் பண்ணையாளரை மிகவும் குழப்பும் நிலை. குடல் நிறைந்திருக்கிறது, நீரின் அளவைகள் எல்லாம் ஒழுங்கு, எனினும் ஒவ்வொரு நாள் காலையிலும் தொட்டியின் அடியில் வெண்மையான படிவாக இறந்த குஞ்சுகள் கிடக்கின்றன. இந்நிலையில் பெரும்பாலும் குறை இரையின் அளவில் அல்ல, இரையின் வயிற்றில் இருக்கிறது. ரோட்டிஃபர் ஓர் உறை மட்டுமே. அது என்ன தின்றதோ அதையே குஞ்சு தின்கிறது. ரொட்டி ஈஸ்ட் மட்டும் கொடுத்து வளர்த்த ரோட்டிஃபரில், கடல் மீன் குஞ்சுக்கு இன்றியமையாத நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள், குறிப்பாக டிஎச்ஏ, ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். எனவே குஞ்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய பல மணி நேரம் அதை நானோகுளோரோப்சிஸிலோ செறிவூட்டும் எண்ணெய்க் கரைசலிலோ ஊற வைக்க வேண்டும்.

அவ்வாறு ஊற வைத்தும் பயன் இல்லையெனில், கொடுத்த நேரத்தைப் பாருங்கள். காலையில் செறிவூட்டிய ரோட்டிஃபரை மொத்தமாகக் கொட்டிவிட்டு, மாலையில் எண்ணிக்கை குறையவில்லையே என்று மகிழ்ந்து, மறுநாளும் புதிய இரை கொடுக்காமல் விட்டால், குஞ்சு தின்பது தன் சேமிப்பைத் தானே எரித்துத் தீர்த்த வெறும் ஓட்டைத்தான். எஞ்சிய ரோட்டிஃபர் மிகுதியாகத் தெரிந்தால் அதை வரவாகக் கருதக் கூடாது. வலைத்துணி கட்டிய குழாய் வழியே பழைய நீரோடு அவற்றை வெளியேற்றிவிட்டு, புதிதாகச் செறிவூட்டியவற்றைச் சிறிய அளவில் இரண்டு அல்லது மூன்று வேளையாகக் கொடுப்பதே முறை.

ரோட்டிஃபர் வளர்ப்புத் தொட்டியின் நீரை அப்படியே குஞ்சுத் தொட்டியில் ஊற்றும் பழக்கத்தையும் இங்கே சந்தேகிக்க வேண்டும். அந்த நீரில் ஈஸ்ட் கழிவும், அமோனியாவும், பாக்டீரியாவும் திரண்டிருக்கும். வடிகட்டி, சுத்தமான கடல்நீரில் சில நிமிடம் அலசிவிட்டுக் கொடுக்கும் வேலையைச் சோம்பலால் தவிர்ப்பவர்கள் அதன் விலையை ஆறாம், ஏழாம் நாள்களில் கொடுக்கிறார்கள்.

தலை மேலாக நீந்துகின்றன, நிலைகொள்ள முடியவில்லை

குஞ்சு நான்காம், ஐந்தாம் நாளையொட்டி நீரின் மேற்பரப்புக்கு வந்து ஒரு துளிக் காற்றை விழுங்கி, தன் காற்றுப்பையை நிரப்பிக்கொள்கிறது. இந்தச் சிறு வாய்ப்பு சில நாள்களில் மூடிவிடும். அவ்வேளையில் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அதைக் கிழித்து மேலே வரும் வலு குஞ்சுக்கு இல்லை. காற்றுப்பை நிரம்பாத குஞ்சு மூழ்கிவிடாமல் இருக்க ஓயாமல் நீந்தி, தின்றதையெல்லாம் அதிலேயே செலவழித்து, வளர்ச்சி குன்றி, பின்னாளில் முதுகெலும்பு வளைந்துபோகும்.

நான் பணியாற்றிய ஒரு பொரிப்பகத்தில் இது எங்கள் கையாலேயே நேர்ந்தது. செறிவூட்டிய ரோட்டிஃபரை இரவு வேலையில் அலசாமல் கொடுத்திருந்தோம். காலையில் டார்ச் விளக்கைத் தொட்டியின் மேல் சாய்வாக அடித்தபோது, மழைநாளில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய நீரில் தெரிவது போன்ற வானவில் நிறம் நீர் முழுவதும் பரவியிருந்தது. அதன் பொருள் அன்று எங்களுக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் தொட்டியில் பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகள் தலையை மேலே நிமிர்த்தி, வாலைத் தொங்கவிட்டு, நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. அதற்குள் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகவே இந்த அறிகுறிக்குத் தீர்வு என்பது அடுத்த பேட்சுக்கானதே. மூன்றாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை மேற்பரப்பில் படலம் நீக்கும் மிதவைச் சட்டம் ஒன்றை இட்டு, மெல்லிய காற்றால் படலத்தை அதற்குள் ஒதுக்கி, ஒரு நாளில் இரண்டு முறையாவது உறிஞ்சு தாளாலோ கோப்பையாலோ எடுத்துவிட வேண்டும். காற்றுப்பை நிரம்பியதா என்பதை நுண்ணோக்கியில் எளிதில் அறியலாம்: முதுகெலும்புக்குக் கீழே, குடலுக்கு மேலே, பாதரசத் துளி போல் மின்னும் ஒரு குமிழி தெரியும். ஆறாம் நாளில் பெரும்பாலான குஞ்சுகளில் அது இல்லையென்றால், அத்தொட்டியில் மேலும் ஆர்ட்டீமியாவைச் செலவிடுவதா என்பதை அன்றே முடிவு செய்துவிடுவது பணத்துக்கு நல்லது.

வெள்ளை நூல் போன்ற கழிவு, அல்லது குடலில் பழுப்பு ஓடுகள்

ஆர்ட்டீமியாவை அறிமுகப்படுத்திய இரண்டாம் நாளிலேயே குஞ்சின் பின்புறம் வெள்ளை நூல் தொங்கினால், அது செரிக்கவில்லை என்று பொருள். நாப்ளியஸ், அதாவது முட்டையிலிருந்து பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சு, எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் முட்டையிலிருந்து வருவது ஏறத்தாழ 430 மைக்ரான் நீளமும், அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரி முட்டையிலிருந்து வருவது ஏறத்தாழ 490 மைக்ரான் நீளமும் இருக்கும். குஞ்சு நான்கு மில்லிமீட்டரை எட்டும் முன்பே பெரிய நாப்ளியஸைக் கொடுத்தால் அது விழுங்கித் திணறும். இவ்வாறு தெரிந்தால், மூன்று நாளுக்கு ரோட்டிஃபரை மீண்டும் கூட்டி, ஆர்ட்டீமியாவை மில்லிலிட்டருக்கு ஒன்றுக்கும் கீழே குறைத்துவிட்டு, பிறகு படிப்படியாக ஏற்ற வேண்டும்.

குடலில் பழுப்பு நிற வளைந்த ஓடுகள் தெரிந்தால், பிழை பொரிக்கும் வாளியில் இருக்கிறது. 25 முதல் 30 பிபிடி உப்பு நீரில், 28 டிகிரி வெப்பத்தில், வலுவான வெளிச்சத்தில், லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் பொரிக்க வைத்த முட்டையை 18 முதல் 24 மணி நேரத்தில் அறுவடை செய்யும்போது, காற்றை நிறுத்தி ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வெற்று ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும், நாப்ளியஸ் ஒளியை நோக்கி நடுவே திரளும். கூம்பின் அடிக்குழாயைத் திறந்து, முதலில் வரும் பொரியாத முட்டையைக் கீழே விட்டுவிட்டு, ஆரஞ்சு நிறம் ஓடத் தொடங்கியதும் வலைத்துணியில் பிடித்து, மேலே ஓட்டின் பழுப்பு நெருங்கும்போது மூடிவிட வேண்டும். அவசரத்தில் முழுவதையும் வடித்துவிடுவதே பெரும்பாலான ஓட்டுத் தொல்லைக்குக் காரணம். இந்த வேலையை நம்பி ஒப்படைக்க ஆள் இல்லாத இடங்களில், குளோரின் கரைசலால் ஓட்டை முன்கூட்டியே கரைத்துவிடும் முறை சிறந்தது.

அறுவடைக்குப் பிறகு எட்டு மணி நேரம் சூடான நீரில் விட்ட நாப்ளியஸ் தோலுரித்து இரண்டாம் நிலைக்குப் போய், தன் சக்தியில் ஏறத்தாழ கால் பங்கை இழந்துவிடும். வேகமாக நீந்துவதால் பிடிக்கவும் கடினம். உடனே கொடுக்க முடியாததை நான்கு டிகிரி குளிரில் வைத்தால் அந்த இழப்பு பெருமளவு குறையும்.

தொட்டி மாற்றியவுடன் மயங்கி விழுகின்றன

பார்ப்பதற்கு நல்ல நிலையில், வயிறு நிறைய ஆர்ட்டீமியாவோடு நீந்திக்கொண்டிருந்த குஞ்சுகள், வலையில் அள்ளி வேறு தொட்டியில் விட்டதும் வாய் பிளந்து, உடல் விறைத்து, பக்கவாட்டில் சாய்ந்து நூற்றுக்கணக்கில் இறந்துபோவது கொடுவா வளர்ப்பில் நன்கு அறியப்பட்ட நிலை. கையாண்டவரைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் கையாளுதல் ஒரு தூண்டுதல் மட்டுமே. காரணம், செறிவூட்டாத ஆர்ட்டீமியாவைப் பல நாள் கொடுத்ததால் உண்டான டிஎச்ஏ குறைபாடு. புதிதாகப் பொரித்த நாப்ளியஸுக்கு வாய் திறந்திருக்காது என்பதால் அதைச் செறிவூட்ட இயலாது. தோலுரித்து இரண்டாம் நிலைக்கு வந்த பிறகே எண்ணெய்க் கரைசலில் 12 முதல் 24 மணி நேரம் வைக்க வேண்டும். குஞ்சு பன்னிரண்டு நாளைக் கடந்த பிறகு அதற்கு இந்தப் பெரிய, செறிவூட்டிய நாப்ளியஸை விழுங்கும் வாய் இருக்கும் என்பதால் மேற்சொன்ன அளவுச் சிக்கலும் எழாது.

குஞ்சுகளை அளவு வாரியாகத் தரம் பிரிக்கும் நாளுக்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். முப்பது குஞ்சுகளைச் சிறிய வலையில் அள்ளி, பத்து விநாடி காற்றில் வைத்துவிட்டு, காற்றூட்டிய வாளியில் விட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு குஞ்சுகள் சாய்ந்துவிட்டால், தரம் பிரிப்பதை ஒத்திவைத்து, செறிவூட்டிய இரையை நான்கைந்து நாள் கொடுத்துவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

பொடித் தீவனத்தைத் தொடவே இல்லை

உயிர் இரையிலிருந்து உலர் தீவனத்துக்கு மாற்றும் பத்து நாளில் தொட்டியின் அடியில் பொடி படிந்து பூஞ்சை கட்டுவதும், குஞ்சு மேலே பசித்துத் திரிவதும் ஒருங்கே நடக்கும். தீவனம் மட்டமானது என்று முடிவு கட்டும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

கொடுவா அசையும் இரையைத்தான் தாக்கும். நீரின் நடுவே மெதுவாக இறங்கும் துகள் அதற்கு இரை. அடியில் கிடப்பது மண். ஆகவே எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிட எப்படிக் கொடுத்தோம் என்பதே முக்கியம். விடிந்ததும், ஆர்ட்டீமியா கொடுப்பதற்கு முன்பாக, குஞ்சு பசியோடு இருக்கும்போது, காற்றைச் சற்றுத் தணித்துவிட்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு சிட்டிகை எடுத்து, ஒவ்வொரு நாளும் அதே மூலையில், அதே உயரத்திலிருந்து தூவ வேண்டும். முதல் சிட்டிகைக்கு ஒன்றோ இரண்டோ குஞ்சுகள் உடலை எஸ் வடிவில் வளைத்து நின்று பார்க்கும். மூன்றாம் சிட்டிகையில் ஏதேனும் ஒன்று பாயும். பாய்ந்து வாயில் கவ்வியதை உடனே உமிழ்ந்தால் துகள் பெரியது அல்லது கடினமானது. கவ்வியதை வைத்துக்கொண்டு கீழிறங்கினால் வேலை தொடங்கிவிட்டது. நான்கு நாள் இந்த மூலையை மாற்றாமல் கொடுத்தால், ஆள் நிழல் விழுந்ததும் குஞ்சுகள் அங்கே கூடி நிற்பதைப் பார்க்கலாம். அரை மணி நேரம் பொடி கொடுத்த பிறகே ஆர்ட்டீமியா ஊற்ற வேண்டும். வரிசை மாறினால் வயிறு நிறைந்த குஞ்சு பொடியைத் திரும்பிப் பார்க்காது.

துகளின் அளவில் அவசரம் வேண்டாம். 200 முதல் 300 மைக்ரானில் தொடங்கி, 300 முதல் 500, 500 முதல் 800 என்று ஏறும்போது, ஒவ்வொரு ஏற்றத்திலும் பழையதையும் புதியதையும் மூன்று நாள் கலந்து கொடுப்பது தொட்டியில் உள்ள சிறிய குஞ்சுகளைக் காக்கும். ஆர்ட்டீமியாவையும் ஒரே நாளில் நிறுத்தாமல், இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு வீதம் குறைத்து வர வேண்டும். 45 முதல் 55 விழுக்காடு புரதம் உள்ள தீவனம் எந்த நிறுவனத்துடையது என்பதைக் காட்டிலும், டப்பா திறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைக் கேளுங்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் திறந்து வைத்த தீவனத்தில் மீன் எண்ணெய் கெட்டு, முகர்ந்தால் பழைய பெயிண்ட் வாடை வரும். அதை மனிதர் மூக்கே ஏற்காது.

அடியில் படிந்ததைக் காலையும் மாலையும் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்தாக வேண்டும். தீவனம் தொடங்கிய வாரத்தில் அமோனியா ஏறுவது இயல்பு. அதோடு பச்சை நீரின் ஒளிச்சேர்க்கையால் பிற்பகலில் பிஎச் 8-லிருந்து 8.5-க்கு ஏறினால், அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். காலையில் தின்ற குஞ்சு மாலையில் தின்னவில்லை என்றால், சந்தேகம் முதலில் இங்கேதான் செல்ல வேண்டும்.

பிணம் இல்லை, ஆனால் எண்ணிக்கை குறைகிறது

சைஃபன் நீரில் இறந்த குஞ்சு ஒன்றும் இல்லை. ஆயினும் தொட்டி ஒவ்வொரு நாளும் காலியாகிக்கொண்டே வருகிறது. இது திருட்டும் அன்று, எண்ணியதில் வந்த பிழையும் அன்று. ஏறத்தாழ பத்து மில்லிமீட்டரைக் கடந்த கொடுவா, தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை நீளமுள்ள உடன்பிறப்பை விழுங்கவல்லது. ஒரு தொட்டியில் முப்பது மில்லிமீட்டரில் பத்துக் குஞ்சுகளும் பதினெட்டு மில்லிமீட்டரில் ஆயிரம் குஞ்சுகளும் இருந்தால், அந்தப் பத்துக்கும் தீவனம் தேவையே இல்லை. அவை தின்னத் தின்ன வேகமாக வளர்ந்து, வேற்றுமையை இன்னும் பெரிதாக்கும். வயிறு புடைத்து, வாய் ஓரத்தில் ஒரு வால் துருத்திக்கொண்டு, தனியே மூலையில் நிற்கும் குஞ்சைக் கண்டால் நோயறிதல் அத்தோடு முடிந்தது.

தீர்வு தரம் பிரித்தல் ஒன்றே. ஆனால் தரம் பிரித்தலைத் தண்டனை போல் மாதத்துக்கு ஒருமுறை செய்வதில் பயனில்லை. பதினைந்தாம் நாளையொட்டித் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். 3, 5, 7, 10 மில்லிமீட்டர் துளைகள் இட்ட பிளாஸ்டிக் கூடைகளை வரிசையாக மிதக்க விட்டு, குஞ்சுகளைப் பெரிய துளைக் கூடையில் ஊற்றினால், சிறியவை தாமே நீந்தி வெளியேறும். கையால் துரத்துவதைக் காட்டிலும் இது குஞ்சுக்கு மென்மையானது. அதிகாலையின் தண்மையில், வயிறு காலியாக இருக்கும்போது செய்வது நல்லது. பிரித்து முடித்ததும் முதல் வேலை தீவனம் கொடுப்பது.

தரம் பிரித்தும் இழப்பு நிற்கவில்லை எனில், இரண்டு வேளைகளுக்கு இடைப்பட்ட நேரம் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மணி நேர இடைவெளி இந்த வயதுக்கு மிக நீண்டது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு கொடுப்பதே பாதுகாப்பு. விடியற்காலையில் முதல் வேளை தாமதமாகும் பண்ணைகளில் இரவில் பசித்த குஞ்சு, வெளிச்சம் வந்ததும் கண்ணில் படும் முதல் அசைவைத் தாக்கும். வேலையாள் எட்டு மணிக்கு வருகிறார் என்பதற்காகச் சூரியன் காத்திருப்பதில்லை.

ஹாப்பாவில் தின்கின்றன, ஆனால் வளரவில்லை

ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் குஞ்சைக் குளத்தில் கட்டிய வலைக்கூண்டான ஹாப்பாவுக்கு மாற்றிய பிறகு வரும் குறைகள் பெரும்பாலும் கணக்கில் வரும் குறைகள். ஒரு ஹாப்பாவில் 1,000 குஞ்சுகள், சராசரி எடை 2 கிராம் என்றால் மொத்த எடை 2 கிலோ. தீவனம் உடல் எடையில் 8 விழுக்காடு என்று வைத்தால் நாளுக்கு 160 கிராம், ஐந்து வேளைக்கு வேளை ஒன்றுக்கு 32 கிராம். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இரண்டு வாரம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். குஞ்சின் எடை அதற்குள் இரட்டித்திருக்கும் என்பதால் அது அரைப்பட்டினி. வாரத்துக்கு ஒருமுறை ஐம்பது குஞ்சுகளை எடை போட்டு, விழுக்காட்டைச் சற்றுக் குறைத்து, மொத்த அளவை உயர்த்த வேண்டும்.

ஹாப்பாவின் கண்ணியைக் கையால் தடவிப் பாருங்கள். பாசி வழவழப்பாக அடைத்திருந்தால் உள்ளே நீர் மாறவில்லை. விடியற்காலையில் உள்ளே ஆக்சிஜன் குளத்தைவிடக் குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட காலையில் முதல் வேளைத் தீவனத்தைக் கொட்டுவது மூச்சுத் திணறுபவருக்குச் சோறு ஊட்டுவது போன்றது. வாரம் ஒருமுறை ஹாப்பாவை மாற்றி, பழையதை வெயிலில் காய வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் உப்பும் வெப்பமும் சரியும்போது இரை எடுப்பது குறைவது இயல்பு. கொடுவா நன்னீரையும் தாங்கும் மீன். அன்று தீவனத்தைப் பாதியாக்கிவிட்டுக் காத்திருந்தால் இரண்டு நாளில் மீளும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று சாளை முதலிய கழிவு மீனைக் கொத்திக் கொடுப்பவர்கள் இன்னும் உண்டு. மத்திக் குடும்பத்து மீன்கள் பலவற்றில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தையமினேஸ் என்னும் நொதி உள்ளது. அதையே வாரக்கணக்கில் கொடுத்தால் குஞ்சு முதலில் பசியிழக்கும், பிறகு நிலைதடுமாறி நீந்தும். கலவைத் தீவனத்துக்கு மாற்றினால் தொடக்க நிலையில் உள்ளவை தேறிவிடும்.

எல்லாம் ஒரே நாளில் இரையை நிறுத்திவிட்டன

ஒன்றிரண்டு ஒதுங்கினால் தீவனம். எல்லாம் ஒதுங்கினால் தண்ணீர் அல்லது நோய். உடனே தீவனத்தை நிறுத்தி, ஆக்சிஜன், வெப்பம், பிஎச், அமோனியா என்ற வரிசையில் அளக்க வேண்டும். நான்கும் சரியாக இருந்து, குஞ்சுகள் சுழன்று சுழன்று நீந்தி, வயிறு மேலாகப் புரண்டு, தொட்டதும் திடுக்கிட்டு ஓடி மீண்டும் செயலற்றுக் கிடந்தால், வைரஸ் நரம்புத் திசு அழிவு நோயைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரக் குஞ்சில் இது தொட்டியையே துடைத்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு மாதிரி அனுப்பிவிட்டு, அத்தொட்டியின் வலை, வாளி, சைஃபன் குழாய் எதையும் வேறு தொட்டிக்குக் கொண்டுபோகாமல் தடுப்பதே செய்யக்கூடியது. தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலந்து பார்க்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்கக் கூடாது. அது வைரஸை ஒன்றும் செய்யாது. குளோராம்ஃபெனிக்கால், நைட்ரோஃபியூரான் போன்றவை கடலோர மீன்வளர்ப்பில் தடை செய்யப்பட்டவையும்கூட.

வாங்கி வந்த குஞ்சு முதல் வாரம் தின்னவில்லை

இதை வாங்குபவரும் விற்பவரும் ஒருவர்மேல் ஒருவர் சுமத்துகிறார்கள். பயணத்தில் பையின் நீர் கழிவால் கெடாமல் இருக்கக் குஞ்சுகளை 12 முதல் 24 மணி நேரம் பட்டினியில் வைத்தே பொதிகிறார்கள். பசித்த கொடுவாவைக் கலந்து வைத்தால் என்ன நடக்கும் என்பது மேலே சொன்னது. எனவே பட்டினிக்கு முன் தரம் பிரித்திருக்க வேண்டும். இறக்கிய பிறகு பையை நீரில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, குளத்து நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து உப்பைச் சமப்படுத்தி, மூன்று, நான்கு மணி நேரம் கழித்தே முதல் இரை கொடுக்க வேண்டும். அந்த இரை, பொரிப்பகத்தில் கடைசியாகத் தின்ற அதே தீவனமாக, அதே துகள் அளவாக இருக்க வேண்டும். ஆகவே குஞ்சு வாங்கும் நாளில் விலைச்சீட்டோடு மூன்று செய்திகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தத் தீவனம், எந்தத் துகள் அளவு, கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள். முடிந்தால் அந்தத் தீவனத்தில் ஒரு கிலோவையும் கையோடு வாங்கி வந்து, முதல் வாரம் முழுவதும் உங்கள் தீவனத்தோடு கலந்து கொடுங்கள்.